சீசன் முடியட்டும்

என் அலமாரிக்கு மேலே ஒரு பந்து இருக்கிறது. வீடு பெருக்க வருகிற பெண் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டாள். நெற்றுத் தேங்காய், உள்ளே தண்ணீர் கிடக்கிறதா என்று பார்க்கிறாள் பாவம். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு முனையும் கூம்பி, நடு பருத்து, தவிட்டு நிறத்தில் தூசி படிந்து கிடக்கிற பொருளை எங்கள் பக்கத்தில் யார் பார்த்தாலும் முதலில் தேங்காய் என்றுதான் நினைப்பார்கள். பந்து என்று சொன்னேன். "பந்துன்னா உருண்டையாட்டுல்லா இருக்கும்" என்று என்னையே திருத்தினாள். காற்றுப் போய் நசுங்கியதல்ல, தைக்கும்போதே இப்படித்தான் தைத்தார்கள், இதை வைத்து ஆடுகிறவர்கள் சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள் என்று சொன்னதை அவள் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும். எனக்கே முதலில் பார்த்தபோது யாரோ வேடிக்கை செய்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

தக்கலைக்கு மேற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். ராஜா ஆட்சி போய், திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி, நாங்கள் எந்தப் பக்கம் சேர வேண்டியவர்கள் என்று ஊரெல்லாம் பேச்சாகக் கிடந்த காலம். என் ஊர் கிழக்கே, அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில். நெல் வயலை நம்பி இருந்த சைவக் குடும்பம். அப்பா சீக்கிரம் போய்விட்டார். நான் ஒரே பெண். கண்டவர்கள் புண்ணைக் கழுவுகிற வேலைக்கு ஒருத்தி போகிறாளே என்று சொந்தக்காரர்கள் எங்கள் வாசலை மிதிக்காமல் விட்டார்கள். என்னைப் பெண் கேட்டும் யாரும் வரவில்லை. அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. வராதவர்களின் மூஞ்சிகளை எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா மட்டும் "நீ போ மக்கா, நான் இருந்துக்கிடுவேன்" என்று சொல்லி அனுப்பினாள். அவள் அப்படியே தனியாக இருந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கெல்லாம் தலைவி ஆஸ்திரேலியாக்கார சிஸ்டர். நெடுநெடுவென்ற உயரம், வெயிலில் சிவந்து சிவந்து உரிந்துபோன மூக்கு, கஞ்சி போட்ட தொப்பி. மிஷன்காரர்கள் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஒரு முன்ஷியை வைத்தார்கள். முன்ஷியின் தமிழ் அவர் காதில் ஏறவில்லை. பிரசவ வார்டில் படுத்திருந்த பெண்களிடமிருந்தும் சமையல்காரியிடமிருந்தும் பிடித்துக்கொண்ட தமிழ்தான் அவர் வாயில் நின்றது. அதனால் வெள்ளைக்காரத் துரைசாணி மாதிரி இருந்துகொண்டு "ஏட்டி, என்னத்துக்கு மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?" என்று கேட்பார். புதிதாக வந்த நோயாளிகள் பயந்துபோய்ச் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள், பேசியது யார் என்று. அவருக்கு மிகவும் பிடித்த தமிழ்ச் சொல் 'சவம்', எங்கள் பக்கத்தில் பிடிக்காத எதையும் திட்டுகிற வசவு. திறக்காத பாட்டில் சவம், வராத பஸ் சவம், எல்லாவற்றுக்கும் மேலான சவம் அவர் ஊர்க் கால்பந்து நடுவர்.

ஆம், கால்பந்து. ஜெபத்துக்கு அடுத்து அவர் மனசில் இருந்தது அதுதான். சில சனிக்கிழமைகளில் அதற்கு அடுத்துதான் ஜெபம் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம். அவருடைய அப்பா அந்த ஊரில் ஒவ்வொரு சனிக்கிழமையும் சேற்றில் நின்று ஆட்டம் பார்க்கிறவர். அந்த ஆட்டத்தைப் பற்றி வருகிற பத்திரிகையை மடித்து வைத்து, மாதம் ஒரு கட்டாகச் சேர்த்து, பட்டம் விடுகிற நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, கப்பலில் அனுப்புவார். அது கொழும்பு வந்து, தூத்துக்குடி வந்து, எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது ஆட்டம் முடிந்து இரண்டு மாசம் ஆகியிருக்கும். சிஸ்டர் அந்தக் கட்டை மொத்தமாகப் பிரித்துப் படித்துவிட மாட்டார். சனிக்கிழமைக்கு ஒரு தாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் நர்ஸுகள் விடுதி வராந்தாவில் பிரம்பு நாற்காலியைப் போட்டு, அன்றைய தாளை மட்டும் உருவி எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிப்பார். அடுத்த வாரத்துத் தாளின் ஓரம்கூடக் கண்ணில் படக்கூடாது. முடிவு முன்னாலேயே தெரிந்துவிட்டால் ஆட்டம் செத்துப்போகும் என்பார். அங்கே என்றைக்கோ ஜெயித்துத் தோற்று ஆட்டக்காரர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். எங்கள் வராந்தாவில் பந்து இன்னும் ஆகாயத்தில் இருக்கும்.

ஆட்டத்தை எனக்கும் விளக்கியிருக்கிறார். காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், ஒருத்தன் முதுகில் இன்னொருத்தன் முட்டியை ஊன்றி ஏறி ஆகாயத்தில் பந்தைப் பறிக்கலாம். முனையில் இரண்டு கம்பத்துக்குப் பதிலாக நான்கு கம்பம். நடு இரண்டுக்குள் உதைத்தால் ஆறு. நடுவில் போகாமல் பக்கத்து இடைவெளியில் போனாலும் ஒன்று உண்டு. குறி தவறியவனுக்கும் ஒன்று தருகிற ஆட்டத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. கம்பத்தடியில் டாக்டர் மாதிரி நீள வெள்ளைக் கோட்டுப் போட்டு ஒருவர் நிற்பார். ஆறு என்றால் இரண்டு விரலும், ஒன்று என்றால் ஒற்றை விரலும் காட்டிவிட்டுக் கொடியை வீசுவார். இதை ஒருநாள் வார்டில் நடித்துக் காட்டப் போய், அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் சிஸ்டர் கட்டில் கட்டிலாக வரும்போது நோயாளிகள் வாயால் பதில் சொல்வதில்லை. நன்றாக இருந்தால் இரண்டு விரல். சுமாராக இருந்தால் ஒற்றை விரல். ஒற்றை விரல் காட்டினவளிடம் "அதும் கணக்குல சேரும்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போவார். பேச்சிப்பாறை மலையிலிருந்து காய்ச்சலோடு வந்த கிழவர்களிலிருந்து பிள்ளை பெற்றுக் கிடந்தவர்கள் வரை, எதற்கு விரல் காட்டுகிறோம் என்றே தெரியாமல் காட்டுவார்கள்.

அவருக்கு அந்த ஆட்டத்தைப் பற்றி இல்லாத அபிப்பிராயம் இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரே அபிப்பிராயம்தான்: ஆட்டம் கெட்டுப்போயிற்று. முன்பெல்லாம் பந்தைத் தரையில் விட்டு, அது எழும்புகிற நொடியில் உதைப்பார்களாம்; அது குருவி மாதிரி போகுமாம். இப்போது பயந்து பயந்து கையிலேயே தட்டித் தட்டிக் கொடுக்கிறார்களாம். நடுவர்கள் விசிலை ஊதத்தான் சம்பளம் என்று நினைக்கிறார்களாம். குத்துப்பட்டு விழுந்தவனைத் தூக்குவதற்குள் ஆட்டம் மறுமுனைக்குப் போய்விடுகிறதாம். அந்த வருஷம் அவருக்குக் கூடுதலாக ஒரு மனத்தாங்கல். அவர் ஊரில் உலக விளையாட்டுப் போட்டி நடக்கப் போகிறது என்று, ஆட்டம் நடக்கிற பெரிய மைதானத்துப் புல்லையே தோண்டப் போகிறார்கள் என்று தாளில் போட்டிருந்தது. நாலு நாள் ஓடிவிட்டுப் போகிறவனுக்காக எங்கப்பா நின்ன இடத்தைத் தோண்டுவானா என்று கேட்டுக் கேட்டு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை வேண்டாம் என்றுவிட்டார். சமையல்காரிதான் "அதானே" என்றாள்.

எல்லாவற்றிலும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. அந்த ஊரில் ஓர் ஆட்டக்காரன் எந்தத் தெருவில் குடியிருக்கிறானோ அந்தப் பகுதியின் டீமுக்குத்தான் ஆட வேண்டுமாம். வேறு டீமுக்குப் போக வேண்டுமென்றால் பழைய டீம் 'கிளியரன்ஸ்' கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அந்தக் காலத்தில் நல்ல நல்ல ஆட்டக்காரர்கள் கூடுதல் வருமானத்துக்காகச் சிறு ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்களாம். சிஸ்டரின் டீமில் கோல் போடுகிறவனாக இருந்த ஒருத்தனும் அப்படிக் கேட்டிருந்தான். "பெறந்த தெருவ விட்டுட்டுப் போறவன் என்ன ஆட்டக்காரன், சவம். கையெழுத்துப் போடப்பிடாது" என்பார். படித்துத் தேறிய நர்ஸுகள் ஒவ்வொருத்தியாக மலாயாவுக்கும் மதராசுக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கும் போய்க்கொண்டிருந்த சமயம் அது. இரண்டு கோபமும் அவருக்குள் ஒரே கோபமாக இருந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பந்தைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நானும் தலையை ஆட்டினேன். போகிறவன் நன்றிகெட்டவன் என்று கூடச் சேர்ந்து சொல்லியும் இருக்கிறேன்.

அந்த ஆடி மாசம் அம்மா கிணற்றடியில் விழுந்தாள். கண்ணில் ஏற்கனவே புரை. ஒரு கண் ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டது. மற்றதில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. கிணற்றின் கைப்பிடிச் சுவர் எங்கே முடிகிறது என்று தெரியாமல் காலை வைத்திருக்கிறாள். நல்லவேளை, வெளிப்பக்கமாகச் சரிந்தாள். பக்கத்து வீட்டு மதினி ஆள் அனுப்பிச் சொன்னாள், நான் ஓடினேன். இடுப்பில் வீக்கம், கை சிராய்ப்பு. அம்மா சிரித்துக்கொண்டு, "உள்ள விழுந்திருந்தா ஒனக்கு இந்த அலைச்சல் இல்ல" என்றாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு என்னோடு வா என்றால் வரமாட்டாள். கண் தெரியாதவளுக்குத் தெரிகிற ஒரே இடம் அவள் வீடு.

ஒரு கதவு திறந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை காலியாக இருந்தது. நான் முன்பு எழுதிப் போட்டிருந்ததற்குத் திருவனந்தபுரத்திலிருந்து உத்தரவு வந்தது. ஆனால் ஐப்பசிக்குள் சேர்ந்துவிட வேண்டும். எங்கள் தாலுகாக்களைப் பிரித்து மதராசோடு சேர்க்கப்போவது முடிவாகியிருந்தது. பிரிந்த பிறகு பழைய சர்க்கார் கொடுத்த உத்தரவைப் புது சர்க்கார் மதிக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டால் யாரும் எழுப்ப முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள். இடையில் ஒரே தடை. நான் படித்ததும் தேறியதும் மிஷன் ஆஸ்பத்திரியில். என் சான்றிதழ் அவர்கள் பெட்டியில். சிஸ்டர் விடுவித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது என் கைக்கு வரும். ஆடிக் கடைசியில் போய்க் கேட்டேன். அம்மா விழுந்ததையும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மருந்துப் பீரோவின் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு, "சீசன் முடியட்டும்ட்டி, தருகேன்" என்றார்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாஞ்சில் நாட்டில் சீசன் என்றால் சாரல் சீசன். மேற்கே மலையில் மழை பிடித்து, காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரி நிரம்பி வழிகிற மாசங்கள். வார்டில் தரையிலெல்லாம் பாய் போட்டிருந்தோம். அந்த நெரிசலில் கை தேர்ந்த ஒருத்தியை எப்படி விடுவார், நியாயந்தான் என்று நினைத்தேன். அம்மாவுக்கும் அப்படியே சொல்லி அனுப்பினேன். மதினியிடம் கிணற்றடியில் குறுக்கே ஒரு கயிறு கட்டச் சொன்னேன். ஆவணியில் சாரல் நின்றது. பாய்களைச் சுருட்டி வைத்தோம். வெயில் அடித்த முதல் வாரமே போய் நின்றேன், சீசன் முடிந்துவிட்டது சிஸ்டர் என்று. அவர் நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே புரியாத முகம். "எங்க முடிஞ்சு? இன்னும் பாதி ஆட்டம் கெடக்கு" என்று சொல்லி, அன்றைக்குத் தபாலில் வந்திருந்த பத்திரிகைக் கட்டைத் தொட்டுக் காட்டினார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் சொன்ன சீசன் வேறு. என் அம்மா கிணற்றில் விழுவதும் விழாமல் இருப்பதும் ஏழு கடலுக்கு அப்பால் தேங்காய்ப் பந்தை உதைக்கிற தடியன்களின் கையில் இருந்தது. அதுவும் அங்கே முடிந்து, இங்கே முடியாத ஆட்டம். விடுதியில் மற்ற நர்ஸுகள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. நான் வராந்தாப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். சனிக்கிழமை தோறும் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், எத்தனை தாள் பாக்கி இருக்கிறது என்று. ஒரு விஷயம் அப்போதே கண்ணில் பட்டது. முன்பெல்லாம் கட்டு வந்தால் வார்டுக் கத்தரியை வாங்கி நூலை வெட்டி எறிந்துவிடுவார். இந்த முறை கட்டின் முடிச்சை நகத்தால் நெம்பி, மெதுவாக, ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். நேரத்தைப் போக்குகிறார் என்று எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

அந்தக் கட்டு முடிந்தது. அடுத்த கட்டு வரவில்லை. புரட்டாசி முழுக்க வரவில்லை. அங்கே துறைமுகத்தில் வேலைநிறுத்தம், கப்பல் கிளம்பவில்லை என்று சிஸ்டர் சொன்னார். இடையில் ஒருமுறை அம்மாவைப் பார்க்கப் போனேன். அடுப்பில் தீ எரிகிறதா என்று கையை நீட்டிப் பார்த்து உள்ளங்கை கொப்பளித்திருந்தது. "சீசன் முடிஞ்சிட்டா மக்கா?" என்று கேட்டாள். என்ன சீசன் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் சிரித்துவிடுவாள், அதை என்னால் தாங்க முடியாது. ஐப்பசி பிறந்தது. ஊரில் மதராசோடு சேரும் நாளுக்குத் தோரணம் கட்ட மூங்கில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். எங்கள் மண் எந்த டீம் என்று முடிவாகிவிட்டது. நான்தான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

ஐப்பசி முதல் வாரத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு புது டாக்டர் வந்து சேர்ந்தார். சின்ன வயசு, தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. சிஸ்டரின் அதே ஊர்க்காரர். வந்த அன்றைக்கே சிஸ்டர் அவரைப் பிடித்து, ஆட்ட முடிவை மட்டும் என் காதில் போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கு வழி தெரிந்துவிட்டது. மருந்து அறையில் அவர் தனியாக இருந்தபோது என் ஆஸ்பத்திரி இங்கிலீஷில் கேட்டேன், இந்த வருஷம் யார் ஜெயித்தார்கள் என்று. ஒரு நர்ஸ் இதைக் கேட்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷமாகச் சொன்னார். சிஸ்டரின் டீம் கடைசி ஆட்டம் வரைக்கும்கூட வரவில்லை. சரி, வேலைநிறுத்தம் முடிந்து அந்தத் தாள்கள் எப்போது வரும் என்று கேட்டேன். டாக்டர் முகம் மாறியது. வேலைநிறுத்தமா, என் கப்பல் சொன்ன நாளில் கிளம்பியதே என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இனி அந்தத் தாள்கள் வராது, அனுப்பிக்கொண்டிருந்தவர் இறந்துவிட்டார், சிஸ்டருக்குத் தந்தி வந்ததே, உங்களுக்கெல்லாம் தெரியாதா என்று கேட்டார். எப்போது என்று கேட்டேன். அவர் சொன்ன தேதி எங்கள் ஆடி நடுவில் வந்தது.

அப்படியானால் நான் போய்க் கேட்டபோதே அவருக்குத் தெரியும். சீசன் முடியட்டும் என்று சொன்னபோது, அனுப்ப ஆள் இல்லாத சீசன் முடியாது என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். தந்தி வந்த பிறகும் அப்பா அனுப்பிய கட்டுகள் கடலில் வந்துகொண்டே இருந்திருக்கின்றன. செத்துப்போனவர் போட்ட முடிச்சைத்தான் அவர் நகத்தால் அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவரை நினைத்தால் பாவமாக இருந்தது. கூடவே கோபம் கோபமாக வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா சாகும்போது பக்கத்தில் இருக்க முடியாத ஒருத்திக்கு, அம்மாவிடம் போக வேண்டும் என்று வந்து நிற்கிறவளை எப்படித் தடுக்க மனசு வந்தது? ஒரு புண்ணுக்குக் கட்டுப்போடும் வேலையைக்கூட அன்றைக்கு நான் ஒழுங்காகச் செய்யவில்லை.

மாநிலம் மாறுவதற்கு முந்தின சனிக்கிழமை. மதியத்துக்குமேல் வராந்தாவுக்குப் போனேன். சிஸ்டர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து தாள் படித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் டீ கொட்டிய வளையம் இருந்தது. ஆவணியில் படித்த அதே தாள். நான் வாய் திறக்குமுன் அவர் ஆரம்பித்துவிட்டார். ஆட்டம் ஆட்டமாகவே இல்லை, கோல் போடுகிறவன் கிளியரன்ஸ் கேட்டு இன்னும் நிற்கிறான், விட்டால் டீமில் யார் மிஞ்சுவார்கள் என்று, புதிதாகப் படித்தவர் மாதிரி சொல்லிக்கொண்டே போனார். என் நாக்கு நுனியில் ஆட்ட முடிவு இருந்தது. அதை எறிந்துவிட்டு என் காகிதத்தை வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்றுதான் போனேன். வாயில் வந்தது வேறு.

"சிஸ்டர், ஒங்க அப்பா போயாச்சு. எங்க அம்மை இன்னும் உண்டு."

அவர் தாளை மடித்தார். பழைய மடிப்பிலேயே, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தார். உள்ளே பிரசவ வார்டில் ஏதோ ஒரு பிள்ளை விடாமல் அழுதுகொண்டிருந்தது. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. அழவும் இல்லை; அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆசுவாசமாக இருந்திருக்கும். நாற்காலிக் கையில் இருந்த பிரம்பு நாரைப் பிய்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்.

"யாருட்டி ஜெயிச்சா?"

ஜெயித்த டீமின் பெயரை என் வாயில் வந்த மாதிரி சொன்னேன். நம்ம டீம் என்னாச்சு என்று கேட்டார். கடைசி ஆட்டத்துக்கே வரவில்லை என்றேன். "கொள்ளாம்" என்றார், நல்லது என்பது போல. அப்பா இருந்திருந்தால் தொப்பியைக் கழற்றிச் சேற்றில் எறிந்திருப்பார் என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை, நான் தரையைப் பார்த்தேன். "அப்போ சீசன் முடிஞ்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து அலுவலக அறைக்குப் போய், உட்காராமல் நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டு, சான்றிதழையும் எடுத்துக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் ஒரு சோறு வேகிற நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை அவர் ஜெபக்கூட்டத்தில் இருந்தபோது நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வாட்ச்மேன் பின்னாலேயே ஓடி வந்து, பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒன்றைக் கொடுத்தான். பிரித்துப் பார்க்காமலே என்னவென்று தெரிந்துவிட்டது. எத்தனையோ கிறிஸ்துமஸுக்கு ஆஸ்பத்திரி வளாகத்தில் சிஸ்டர் அதைத் தரையில் விட்டு எழும்புகிற நொடியில் உதைத்து, புளியமரத்தைத் தாண்டி அனுப்பி, நோயாளிகளைக் கைதட்ட வைத்திருக்கிறார். அவர் அப்பா கொடுத்தனுப்பிய பந்து. காற்றுப் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்றான் வாட்ச்மேன். திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வரலாமா என்று யோசிப்பதற்குள் நாகர்கோவில் பஸ் வந்துவிட்டது.

நான் வேலையில் சேர்ந்தேன். அந்த வாரமே நாங்கள் மதராஸ் மாநிலம் ஆனோம். தெருவில் வேட்டு வெடித்தபோது அம்மா என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். பந்தை அவள் கையில் கொடுத்தேன். இரண்டு முனையையும் தடவிப் பார்த்து, "இது என்னட்டி, நெத்தா?" என்று கேட்டாள். காதோரம் வைத்துக் குலுக்கினாள். "தண்ணி இல்ல. கொப்பரை ஆயிருக்கும். ஒடைக்காத, திருக்கார்த்திகைக்குக் கொழுக்கட்டைக்கு ஆகும்" என்றாள். நான் ஆகட்டும் என்றேன். கார்த்திகைக்கு வேறு தேங்காய் வாங்கித் திருவினேன். அவள் அந்த நெற்றில் திருவியது என்றே நம்பி, கொப்பரை என்றாலும் ருசி குறையவில்லை என்று சொல்லிச் சாப்பிட்டாள். மாசி மாசம் போய்விட்டாள். தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன், குடித்தாள், போய்விட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

சித்திரையில் நாகர்கோவில் பஸ் நிலையத்தில் சிஸ்டரைப் பார்த்தேன். மருந்துப் பெட்டிகளோடு தக்கலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். மூக்கு அதே மாதிரி உரிந்திருந்தது. அம்மா போனதைச் சொன்னேன், கொஞ்ச மாசம் கூடவே இருந்தேன் என்றும் சொன்னேன். தலையை ஆட்டினார். அவர் முகம் மலரட்டும் என்றுதான், அங்கே ஆட்டம் தொடங்குகிற மாசம் இதுதானே என்று ஞாபகம் வந்து கேட்டேன்:

"சீசன் தொடங்கியாச்சா சிஸ்டர்?"

"எந்த சீசன்ட்டி?" என்றார்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். பழைய விடுதித் தோழிகள் பிறகு சொன்னார்கள், நான் போன பிறகு அவர் அந்த ஆட்டத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயமும் சொன்னதில்லையாம், நடுவரைச் சவம் என்றுகூடச் சொன்னதில்லையாம். புது டாக்டர் படித்துவிட்டுத் தருகிற பத்திரிகைகளை அடுப்பு மூட்டக் கொடுத்துவிடுவாராம். கிளியரன்ஸ் கேட்ட நர்ஸுகளுக்கெல்லாம் கேட்ட அன்றே கையெழுத்தாம். நல்லதுதானே என்று அவர்கள் சொன்னார்கள். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. நான் கேட்டது நியாயம். இன்றைக்குக் கேட்க வேண்டி வந்தாலும் அதையேதான் கேட்பேன். ஆனால் கெட்டுப்போயிற்று கெட்டுப்போயிற்று என்று ஒருவர் சனிக்கிழமை தோறும் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒன்று, நான் சொன்ன ஒரு வார்த்தையோடு அவருக்கு இல்லாமல் போயிற்று. அன்றைக்கு பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சிஸ்டர் கையை வெளியே நீட்டி எனக்கு ஒற்றை விரலைக் காட்டினார். வார்டில் செய்வது போல, அதிகம் உயர்த்தாமல். தவறிப்போனாலும் ஒன்று உண்டு என்று என் அம்மாவுக்காகச் சொன்னாரா, தனக்கும் சேர்த்துச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. பதிலுக்கு நானும் ஒற்றை விரலைத்தான் காட்டினேன்.

இன்றைக்கும் சனிக்கிழமை. வீடு பெருக்குகிறவள் போன பிறகு நாற்காலி போட்டு ஏறிப் பந்தை இறக்கினேன். தூசியைத் துடைத்தேன். தையல் விட்டுப்போன இடத்தில் தோல் விரிந்திருக்கிறது. காற்றுப் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். காற்று என்றைக்கோ போய்விட்டது, தோல்தான் காய்ந்து விறைத்து வடிவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் கதவைச் சாத்திவிட்டுக் காதோரம் வைத்துக் குலுக்கினேன். உள்ளே ரப்பர் பை காய்ந்து துண்டு துண்டாகிச் சலசலவென்று உருள்கிறது. தண்ணீர் இல்லை. அம்மா சொன்னதுதான் சரி, கொப்பரை ஆகிவிட்டது.